படகுத்துறைக்கு முன் பறிக்கு இடம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. கூழைக்கடாக்களின் சிறகில் ஒட்டிய கறையைப் பார்த்து நகரம் பதறியது. பதறியதில் தவறில்லை. அதே சேற்று நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர், தலித் மக்களைப் பற்றித்தான் எங்கள் பேச்சு.

சாம்பலை அள்ள வேண்டும், அலையாத்தியை மீட்க வேண்டும். இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. மீட்ட இடத்துக்குச் சுற்றுலா வந்தால் பாதுகாப்புக்குப் பணம் வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் அங்கே யார் இறங்கலாம் என்பதை யார் முடிவு செய்வார்கள்?

வடக்கே இருக்கிறது பழவேற்காடு. 1980இல் பறவைகள் சரணாலயமானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 28ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆய்வு, புகைப்படம், சுற்றுலா ஆகியவற்றுக்காகச் சரணாலயத்துக்குள் போக அனுமதி தரலாம் என்கிறது. வயிற்றுப்பாடு அந்தப் பட்டியலில் இல்லை. தேசியப் பூங்காவுக்கும் இதே பிரிவுதான். பூநாரை பார்க்க வருபவருக்கு அந்தப் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. பறி பிடித்தவருக்கு இல்லை.

வேலி போட்டது வனத்துறை மட்டும் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஏரியில் வலை போடும் இடத்தை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' வழக்கம் பட்டினவர் ஊர்களுக்குள்தான். மற்றவர்களுக்கு மிஞ்சியது கரையோரச் சேறு. அந்தச் சேற்றையும் வேடிக்கை பார்க்கும் இடமாக்கினால் எங்கே போவது?

வழி இருக்கிறது. வன உரிமைச் சட்டம், 2006 சரணாலயங்களுக்கும் பொருந்தும்; நீர்நிலைகளில் மீன் பிடிப்பதைச் சமூக உரிமையாக அது ஏற்கிறது. பழங்குடியினரான இருளர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே இருப்பதைக் காட்டினால் போதும். தலித்துகளோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்ட வேண்டும். நிலமே எழுதித் தரப்படாதவர்களிடம் 75 ஆண்டுக் காகிதம் கேட்கிற சட்டம் இது! ஆனாலும் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அதையும் சான்றாக ஏற்க விதி இருக்கிறது. மனுவை வாங்க வேண்டியது கிராமசபை. கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஓடையில், எந்த மாதத்தில், யாரோடு இறங்கினாள் என்று கேட்டு எழுதுங்கள்.

எண்ணூரின் நிலை வேறு. அது சரணாலயம் அல்ல. மாநகராட்சிக்குள் இருப்பதால் கிராமசபையும் கிடையாது. ஆகவே கழிமுக மீட்புக்கான வரைபடத்தில், படகுத்துறைக்கும் நடைபாதைக்கும் கோடு போடும் முன்பே, கையால் தடவிப் பிடிப்பவர்கள் இறங்கும் இடங்களை அவர்களையே கேட்டுக் குறிக்க வேண்டும்.