முதுகில் ஏறும் மூட்டை

வேட்டை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது அரசர்களின் வேட்டைதான். யானைகள் முன்னே செல்லும். ஆட்கள் பறையறைந்து விலங்குகளைக் கலைத்து விரட்டுவர். சமையற்காரரும் சுமைகூலியாட்களும் பின்னே வருவர். வேட்டையாடுபவர் கையில் துப்பாக்கி ஒன்றைத் தவிர வேறு பாரம் இராது. பிறர் சுமந்தனர், அவர் சுட்டார். ஆகவே, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை.

இன்று அமெரிக்க நாட்டின் மேற்கே, ராக்கி மலைத்தொடரில், எல்க் என்னும் பெரிய மானைத் தேடிச் செல்லும் ஒருவருக்கு அந்தக் கேள்விதான் முதற்கேள்வி. அவர் அரசர் அல்லர். தச்சராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம். அரசின் அனுமதிச் சீட்டைப் பெற்று, குறித்த பருவத்தில், சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஐந்தாறு நாட்களுக்கு வேண்டியதை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டையை விலக்கிவிட்டன. அது நன்றே. அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே எந்த விலங்கை, எந்தப் பருவத்தில், எத்தனை எடுக்கலாம் என்பதை மாநில அரசுகள் வரையறுக்கின்றன. துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் வரி, 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது. வேட்டை சரியா, தவறா என்ற வழக்கை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. செல்பவர் தம் மூட்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்பது பற்றியே என் கருத்தைக் கூற விழைகிறேன். மூட்டையின் எடையைக் குறைப்பது உடல் சுகத்துக்காக மட்டும் அன்று. கொன்ற உயிருக்குச் செய்ய வேண்டிய கடமையின் ஒரு பகுதி அது. அந்தத் திறனைக் கடையில் விலைக்கு வாங்கவும் முடியாது. இதுவே என் வாதம்.

கணக்குப் பார்ப்போம்

மலையேறுபவருக்கும் வேட்டைக்குச் செல்பவருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மலையேறுபவரின் பை நாளுக்கு நாள் இளைக்கும். உணவு தீரத் தீரப் பாரம் குறையும். வேட்டைக்குச் செல்பவரின் பாரமோ, காரியம் கைகூடிய கணத்திலேயே பல மடங்காகப் பெருகும். வளர்ந்த ஆண் எல்க் ஒன்று ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ளது. எலும்பை நீக்கிய பின்னும் அதன் இறைச்சி 80 கிலோ அளவுக்கு இருக்கும். சில வேளைகளில் அதற்கு மேலும் போகும்.

அதை எப்படிக் கீழே கொண்டுவருவது? 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட காடுகளில் மோட்டார் வண்டி செல்லக் கூடாது. சக்கரம் வைத்த கைவண்டிக்கும் அங்கே இடமில்லை. குதிரை இருந்தால் குதிரையின் முதுகு. இல்லையென்றால் மனிதனின் முதுகு.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் விலங்கு வீழ்ந்தது. கூடாரமும் அருகிலேயே உள்ளது என்று கொள்வோம். ஒரு நடைக்கு 30 கிலோ சுமக்க முடியும் என்றும் கொள்வோம். இறைச்சி 80 கிலோ. கூடாரம் முதலிய தட்டுமுட்டுகள் 25 கிலோ. ஆக 105 கிலோ. இதற்கு நான்கு நடை வேண்டும். இறங்குவதும் மீண்டும் ஏறுவதுமாக மொத்தம் 35 கிலோமீட்டர். தட்டுமுட்டுகள் 10 கிலோவாக இருந்திருந்தால்? மொத்தம் 90 கிலோ, மூன்றே நடை, 25 கிலோமீட்டர். பத்துக் கிலோமீட்டர் மலைநடை மிச்சம்!

இந்தப் பத்துக் கிலோமீட்டர் வெறும் கால்வலிக் கணக்கு அன்று. எல்க் வேட்டை பல இடங்களில் செப்டம்பரிலேயே தொடங்குகிறது. பகல் வெயில் சுடும் நாட்கள் அவை. விலங்கின் உடற்சூடு விரைவில் தணியாவிட்டால், தொடை எலும்பை ஒட்டிய சதையிலிருந்தே இறைச்சி கெடத் தொடங்கும். களைத்துப்போனவன் என்ன செய்வான்? கொம்பையும் நல்ல சதையையும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை விட்டுவிட அவன் மனம் சபலப்படும். இதனால்தான் அலாஸ்கா மாநிலம், உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவதைச் சிறைத்தண்டனைக்கும் உரிய குற்றமாக வைத்திருக்கிறது. அங்கே பல பகுதிகளில், இறைச்சி வந்து சேரும் முன் கொம்பைக் கொண்டுவரக் கூடாது என்பதும் விதி. சட்டம் காட்டில் வந்து நின்று காவல் காக்காது. முதுகில் மிச்சமிருக்கும் வலிமைதான் அந்த விதியைக் காக்க வேண்டும். அந்த வலிமை, புறப்படுவதற்கு முன்பே வீட்டுத் தரையில் மூட்டை கட்டும்போது சேமிக்கப்படுகிறது.

முன்னோடிகள்

எடையைக் குறைப்பது இன்றைய நாகரிகம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது மிகப் பழைய கலை. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் எருமை இறைச்சியை உலர்த்தி, இடித்து, உருக்கிய கொழுப்புடன் கலந்து ‘பெம்மிக்கன்’ என்னும் உணவைச் செய்தனர். பச்சை இறைச்சியில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக நீர்தான் இருக்கிறது. நீரை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு உணவை மட்டும் சுமந்தனர். இன்றைய அறிவியல் சொல்வதும் அதையே: ஒரு கிராம் மாவுப்பொருள் தருவது 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு தருவது 9 கலோரி. வேர்க்கடலையையும் உலர்ந்த பண்டங்களையும் எடுத்துச் செல்பவர், தகரப்புட்டியில் அடைத்த குழம்பைச் சுமப்பவரைவிட அறிவாளி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்றொருவர் இருந்தார். சிறுவயதில் தமக்குக் காட்டு வாழ்க்கையைக் கற்பித்த பழங்குடி நண்பர் ஒருவரின் பெயரை ஏற்று, ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதினார். வேட்டையிலும் மீன்பிடிப்பிலும் தேர்ந்தவர். ஆனால் சிறிய உருவம், நோயுற்ற உடல். நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் ஏரிப்பகுதியில் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைத் தோளில் சுமந்து நடக்க வேண்டும். அறுபதைக் கடந்த அவரால் கனத்த படகைச் சுமக்க இயலவில்லை. எனவே ரஷ்டன் என்னும் படகுத் தொழிலாளரைக் கொண்டு 9 அடி நீளமும் பத்தரைப் பவுண்டு எடையும் உள்ள சிறு படகு ஒன்றைச் செய்வித்து, 1883இல் 266 மைல் சுற்றி வந்தார். படகு உட்படத் தம் சுமை 26 பவுண்டைத் தாண்டவில்லை என்று அவர் எழுதினார். அது 12 கிலோவுக்கும் குறைவு! 1884இல் வெளிவந்த அவருடைய ‘உட்கிராஃப்ட்’ என்ற நூலின் முதல் உபதேசமே, மிகுதியாகச் சுமக்காதே என்பதுதான்.

1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது மூதாட்டி, பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், சுமார் 3,300 கிலோமீட்டரை, தனியே நடந்து முடித்தார். தாமே தைத்த துணிப்பை ஒன்று. காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று. விலையுயர்ந்த கருவி ஒன்றும் அவரிடம் இல்லை. ஏழைக்கும் எளிதாகும் கலை இது என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இரு பிழைகள்

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லாவற்றையும் திணிப்பது முதற்பிழை. இரண்டு கத்திகள், மூன்று விளக்குகள், மாற்றுடைக்கு மாற்றுடை. இவற்றை எடுத்து வைப்பது அறிவு அன்று, அச்சம். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்று வள்ளுவர் நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார். நாற்பது பொருள்களில் பொருளுக்கு நூறு கிராம் மிகுந்தால் நான்கு கிலோ. சிறு துளி பெருவெள்ளம்!

எடைக்குறைப்பைக் கடையில் தேடுவது இரண்டாம் பிழை. டைட்டானியப் பாத்திரம், இறகு நிரப்பிய மெல்லிய படுக்கைப்பை, காற்றைப்போல் கனமற்ற கூடாரம் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. அவை நல்ல பொருள்களே. ஆயினும் வேண்டாத பொருளை இலேசாக வாங்குவதைவிட, அதை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது மேல். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. பணம் இருப்பவன் கிராமை விலைகொடுத்துக் குறைக்கிறான். சிந்திப்பவன் கிலோவை இலவசமாகக் குறைக்கிறான்.

செய்ய வேண்டுவது எளிது. எல்லாப் பொருள்களையும் தரையில் பரப்பித் தராசில் நிறுத்து எழுதுக. பெரியவற்றிலிருந்து தொடங்குக. கூடாரம், படுக்கை, பை ஆகிய மூன்றில் கிடைக்கும் மிச்சம், பல்துலக்கியின் காம்பை நறுக்குவதில் கிடைக்காது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வழியில் ஓடை உண்டென்று வரைபடம் காட்டினால், வடிகட்டியைக் கொண்டுபோய் நீரை அங்கேயே எடுக்கலாம். காலணியைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். காலில் ஏறும் எடை, முதுகில் ஏறும் அதே எடையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆற்றலைக் கேட்கும். திரும்பி வந்தபின் மூட்டையைப் பிரித்து, பயன்பட்டவை, பயன்படாதவை, அவசரத்துக்கென வைத்தவை என்று மூன்று குவியலாக்குக. நடுக்குவியல் அடுத்த முறை வீட்டில் தங்கட்டும்.

குறைக்கக் கூடாதவை

மூன்றாம் குவியலில் கை வைக்கக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இலேசுக்கும் பொருந்தும். சியாட்டில் நகரின் ‘மவுண்டனியர்ஸ்’ என்னும் மலையேறுவோர் சங்கம் 1930களில் பத்து இன்றியமையாப் பொருள்களைப் பட்டியலிட்டது. வரைபடம், திசைகாட்டி, விளக்கு, தீப்பெட்டி, கத்தி, முதலுதவி, கூடுதல் உடை, கூடுதல் உணவு ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை பெரும்பாலான நாட்களில் பயன்படா. ஒருநாள் பயன்பட்டால் உயிரே மிஞ்சும். நனைந்த உடலிலிருந்து வெப்பம் வெகு விரைவில் வெளியேறும். 37 பாகையில் நிற்க வேண்டிய உடல்வெப்பம் 35க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், புத்தி தடுமாறும். நனைந்த பருத்தி காக்காது. நனைந்தாலும் கம்பளி ஓரளவு காக்கும். எனவே மழையாடையிலும் கம்பளியிலும் சிக்கனம் தற்கொலைக்குச் சமம். கைபேசி எட்டாத காட்டிலிருந்து செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் சிறு கருவி நூறு கிராம் அளவில் கிடைக்கிறது. அதன் எடையைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

வேட்டைக்குச் செல்பவர் கேட்வுட் அம்மையாரை அப்படியே பின்பற்றவும் முடியாது. அவருடைய துணிப்பை 30 கிலோ இறைச்சியைத் தாங்காது. சட்டம் கொண்ட உறுதியான பை வேண்டும். அதற்காகக் கூடும் ஒரு கிலோ நியாயமான எடை. இறைச்சியில் ஈ மொய்க்காமல் காக்கும் துணிப்பைகளும் அவ்வாறே. துப்பாக்கியின் எடையிலும் எச்சரிக்கை தேவை. நியூட்டனின் மூன்றாம் விதி நாம் பள்ளியில் படித்ததுதான். ஒரே தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கி இலேசாக ஆக ஆக அது தோளை உதைக்கும் வேகம் கூடும். குறி தப்பவும் வாய்ப்பு மிகும். அரைக்கிலோ மிச்சம் பிடிக்கப் போய், விலங்கு ஒன்று காயத்தோடு ஓடிப் புதரில் துடித்துச் சாகுமானால், அந்தச் சிக்கனத்தின் விலையைக் கொடுத்தது யார்? சுமந்தவர் அல்லர், பேசத் தெரியாத விலங்கு.

ஆகவே, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது, இது என் அச்சத்துக்காகவா, என் பெருமைக்காகவா, என் கடமைக்காகவா என்று கேட்க வேண்டும். அச்சத்துக்கும் பெருமைக்கும் உரியவை வீட்டில் இருக்கட்டும். கடமைக்கு உரியவை எத்தனை கனமானாலும் முதுகில் ஏறட்டும். ஓர் உயிரை எடுக்கத் துணிந்தவர், அதன் உடலை முழுவதும் சுமந்து வரவும் துணிய வேண்டும். அதற்கு இடம் வைத்தே மூட்டை கட்டப்பட வேண்டும்.