தனியார் கொள்முதலில் லஞ்சம்: சட்டத்தின் இடைவெளியில் சிக்கும் சிறு நிறுவனங்கள்

புது தில்லி: அரசு அலுவலகத்துக்குப் பொருள் வழங்கும் வணிகரிடம் அதிகாரி லஞ்சம் கேட்டால், அது ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதே வணிகரிடம் தனியார் ஆலையின் கொள்முதல் மேலாளர் இரண்டு சதவீதக் கமிஷன் கேட்டால், அதை நேரடியாகக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. காகிதம், அட்டைப்பெட்டி, துப்புரவுப் பொருள்கள், பாதுகாப்புக் கையுறை, உதிரிபாகங்கள் போன்றவற்றை நிறுவனங்களுக்கு விற்கும் சிறு தொழில்முனைவோர் இந்த இடைவெளியில்தான் தொழில் நடத்த வேண்டியிருக்கிறது.

இரு இடங்களில் கைநீட்டல்

தனியார் கொள்முதலில் லஞ்சம் பொதுவாக இரு கட்டங்களில் கேட்கப்படுகிறது. முதலாவது, ஆர்டர் வழங்கும் கட்டம். 100 ரூபாய் பொருளுக்கு 105 ரூபாய் பில் போடச் சொல்லி, கூடுதல் 5 ரூபாயைக் கொள்முதல் அதிகாரி பெற்றுக்கொள்கிறார். இழப்பு அவரது நிறுவனத்துக்கு. மூன்று விலைப்புள்ளிகள் கட்டாயம் என்ற விதி இருந்தால், அதிக விலை குறிப்பிட்ட மற்ற இரண்டையும் தேர்வு செய்யப்பட்ட சப்ளையரே கொண்டுவர வேண்டும் என்று வாய்மொழியாகக் கூறப்படுகிறது.

இரண்டாவது, பணம் பெறும் கட்டம். சரக்கு வந்ததற்கான ரசீது பதிவாகவில்லை, தரப் பரிசோதனை முடியவில்லை எனக் காரணங்கள் கூறி பில் நிறுத்தப்படுகிறது. கடன் வாங்கிச் சரக்கு அனுப்பியவருக்கு இதுவே பெரிய சுமை. 10 லட்சம் ரூபாய் பில் ஒரு மாதம் தாமதமானால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் இழப்பு 10,000 ரூபாய். அதாவது பில் தொகையில் 1 சதவீதம். உடனே பணம் கிடைக்க 1 சதவீதம் கொடுங்கள் என்று ஒருவர் கேட்கும்போது, நெருக்கடியில் இருப்பவருக்கு அது லஞ்சமாக அல்ல, வட்டிக் கணக்காகத் தோன்றிவிடுகிறது. தாமதமே லஞ்சத்தின் விலையை நிர்ணயிக்கிறது.

பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல

ஆள்களை வழங்கும் ஒப்பந்த நிறுவனங்கள் தொடர்பான முறைகேட்டுப் புகார் குறித்து, டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 2023-இல் விசாரணை நடத்தியது. 19 ஊழியர்களுக்குத் தொடர்பிருப்பது தெரியவந்ததாகவும், அவர்களில் 16 பேர் பணியிலிருந்து விலக்கப்பட்டதாகவும், 6 ஒப்பந்த நிறுவனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டதாகவும் அந்நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் தெரிவித்தது. நிறுவனத்துக்கு நிதி பாதிப்பு இல்லை என்றும் கூறியது. இத்தகைய விவகாரங்களில் பணிநீக்கமும் கறுப்புப் பட்டியலுமே பெரும்பாலும் இறுதி நடவடிக்கைகளாக அமைகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியர்களை மையமாகக் கொண்டது. பொதுத்துறை நிறுவன ஊழியர்களும் அதன் வரம்புக்குள் வருகின்றனர். தனியார் வங்கிகளின் தலைவர், நிர்வாக இயக்குநர் ஆகியோரும் பொது ஊழியர்களே என்று உச்சநீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. ஆனால், சாதாரண தனியார் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்.

2018-ஆம் ஆண்டுத் திருத்தம் லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்தது. அதேவேளையில், நிர்பந்தத்தால் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் புகார் அளித்தால் அவருக்கு விலக்கு உண்டு. தனியார் மேலாளரின் நிர்பந்தத்துக்கு உள்ளாகும் சப்ளையருக்கு இப்படியொரு பாதுகாப்பு வழி இல்லை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் பிரிவுகளையும், 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் மோசடிப் பிரிவையும் பயன்படுத்தலாம். நடைமுறையில் அதற்குப் பாதிக்கப்பட்ட நிறுவனமே முன்வர வேண்டும். நற்பெயருக்கு அஞ்சிப் பல நிறுவனங்கள் விவகாரத்தை உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்ள விரும்பும்.

தனியார் துறை லஞ்சத்தையும் குற்றமாக்குவது குறித்து உறுப்பு நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என்று ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவு கூறுகிறது. இந்தியா 2011-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு லஞ்சத் தடுப்புச் சட்டமும், சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டமும் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிப் பொருந்துகின்றன. இந்தியாவில் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்படவில்லை.

45 நாள் கெடு

இந்நிலையில், லஞ்சத்துக்கு வழிவகுக்கும் தாமதத்தைத் தடுப்பதே கைவசமுள்ள வலுவான ஆயுதம். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள்களில் பணம் தர வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாள்கள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாகச் சேரும். கெடு தாண்டிய நிலுவையை, பணம் தந்த ஆண்டில் மட்டுமே வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2023-24 நிதியாண்டுக்கான கணக்கிலிருந்து அமலுக்கு வந்தது.

ஆனால், இந்தக் கவசத்திலும் ஓட்டை உண்டு. மொத்த, சில்லறை வணிகர்கள் 2021-இல் இத்துறையில் சேர்க்கப்பட்டபோது, முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே அந்தத் தகுதி பொருந்தும் எனக் கூறப்பட்டது. எனவே, பொருளைத் தானே தயாரிக்காமல் வாங்கி விற்பவர், தாமதக் கட்டண வட்டியை அதே உறுதியுடன் கோர இயலாது. லஞ்சக் கோரிக்கைக்கு அதிகம் ஆளாகக்கூடிய ஒரு பிரிவினர் சட்டப் பாதுகாப்பில் பின்தங்கி நிற்கின்றனர்.

சப்ளையர் முன்னுள்ள வழிகள்

கேட்டதைக் கொடுத்துவிடுவது எளிய வழி போலத் தோன்றினாலும், அதன் ஆபத்து சப்ளையரையே சூழ்கிறது. லஞ்சத் தொகையை ஈடுகட்டப் போலி பில் போட்டால், அது ஜிஎஸ்டி சட்டப்படி குற்றம். போட்டியாளர்களுடன் பேசிவைத்து விலைப்புள்ளி அளிப்பது போட்டிச் சட்டத்துக்கு முரணானது. லஞ்சம் வாங்கிய மேலாளர் மாறும்போது, புதியவர் பழைய சப்ளையரைச் சந்தேகத்துடனேயே பார்ப்பார்.

விலை, கெடு, சரக்கு ஒப்புகை அனைத்தையும் எழுத்தில் பெறுவதும், ஒரே வாடிக்கையாளரை நம்பித் தொழில் நடத்தாமல் இருப்பதும், கோரிக்கை எழுந்தால் கொள்முதல் பிரிவுக்கு அப்பாற்பட்ட நிதி அல்லது தணிக்கைப் பொறுப்பாளரை அணுகுவதும் பாதுகாப்பான வழிகள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் முறைகேட்டைத் தெரிவிக்கும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். எனினும், சட்டம் இயக்குநர்களையும் ஊழியர்களையும் மட்டுமே குறிப்பிடுகிறது. சப்ளையர்களுக்கும் அக்கதவைத் திறப்பது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது.

ஆர்டர் தருபவர், சரக்கைப் பெறுபவர், பணத்தை விடுவிப்பவர் ஆகிய மூவரும் தனித்தனியாக இருந்து, பில்லின் நிலை சப்ளையருக்கு இணையத்தில் தெரியும்படி செய்தாலே, பேரம் பேசும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஆனால், நிர்பந்தத்துக்கு ஆளானவர் அச்சமின்றிப் புகார் அளிக்க வேண்டுமெனில், பொது ஊழியர் விவகாரத்தில் தரப்பட்ட 7 நாள் பாதுகாப்பு தனியார் துறைக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். அதை நாடாளுமன்றத்தால்தான் செய்ய முடியும்.