டப்பாவில் பூட்டிய பாட்டு

பாட்டுக்காரர்கள் சினிமாவில் வருவது பற்றி நண்பர்களிடையே ஒரு வாதம் அடிபடுகிறது. கச்சேரியை உள்ளபடி படம் பிடித்தால் அது கலை. அதே பாட்டுக்காரர் சிரிப்புப் படத்தில் தலை காட்டினால் அது கோமாளித்தனம் என்கிறார்கள். நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. படச்சுருள் யார் கையில் இருக்கிறது? முதலில் அதைக் கேட்போம்.

1969-ம் வருஷக் கோடையை எடுத்துக் கொள்ளுங்கள். நியூயார்க் நகரில், கறுப்பின உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழும் ஹார்லெம் பகுதியில், ஒரு பூங்காவில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கச்சேரி நடந்தது. கட்டணம் இல்லை. மொத்தம் மூன்று லட்சம் பேர் வந்தார்கள். ஸ்டீவி வொண்டர், நீனா சிமோன், மஹாலியா ஜாக்சன் பாடினார்கள். மிஸிஸிப்பியில் பருத்தி எடுத்து, டிராக்டர் ஓட்டிப் பிழைத்த பி.பி. கிங்கும் பாடினார். ஹால் டல்ச்சின் என்பவர் ஏறக்குறைய 40 மணி நேரம் படம் பிடித்தார்.

அதே கோடையில், நூறு மைலுக்கு அப்பால், உட்ஸ்டாக் கச்சேரி நடந்தது. அங்கே கூடியவர்கள் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். அந்தப் படம் 1970-லேயே வெளிவந்து, ஆஸ்கார் பரிசும் வாங்கி, வார்னர் கம்பெனிக்குப் பணத்தை வாரிக் கொட்டியது. ஹார்லெம் படம் என்ன ஆயிற்று? சிறு பகுதி அப்போது தொலைக்காட்சியில் வந்ததோடு சரி. மற்றதை வாங்க ஆளில்லை! டல்ச்சின் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தார். சுருள்கள் ஐம்பது வருஷம் டப்பாவில் கிடந்தன. ஸ்லை ஸ்டோன் இரண்டு மேடைகளிலும் பாடியவர். அங்கே பாடிய ஸ்லையை உலகம் கண்டது, இங்கே பாடிய ஸ்லையைக் காணவில்லை. பாட்டா குறைந்து போயிற்று? கேட்க வந்த கூட்டத்தின் தோல் நிறமல்லவா குறுக்கே நின்றது!

கடைசியில் குவெஸ்ட்லவ் என்ற டிரம் வாத்தியக்காரர் அதைத் தொகுத்து 'சம்மர் ஆஃப் சோல்' என்று 2021-ல் வெளியிட்டார். டல்ச்சின் 2017-லேயே காலமாகிவிட்டார்.

இன்னொன்று. லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் 1965-ல் மக்கள் பொங்கி எழுந்தபோது 34 உயிர்கள் போயின. அதன் நினைவாக 1972 ஆகஸ்ட் 20-ல் பெரிய கச்சேரி, டிக்கெட் ஒரு டாலர். 'வாட்ஸ்டாக்ஸ்' என்ற அந்தப் படம் 1973-ல் வந்தது. ஐசக் ஹேய்ஸ் மேடையில் 'ஷாஃப்ட்' படத்துக்காகத் தாம் இயற்றிய பாட்டைப் பாடினார். ஆனால் பாட்டின் சினிமா உரிமை எம்.ஜி.எம். கம்பெனிக்கு! பாட்டை வெட்டினார்கள். ஸ்டூடியோவில் மேடை போட்டு வேறு பாட்டைப் பாட வைத்து, அதைக் கச்சேரி போலவே ஒட்டினார்கள். அசல் பாட்டு 2003-ல்தான் படத்துக்குத் திரும்பியது. உள்ளபடி எடுத்த படமாம்! நெய்தவனுக்குத் துணி சொந்தமில்லை என்பது நம் ஆலைத் தோழர்களுக்குப் புதிய சங்கதியா?

இனி சிரிப்புப் படத்துக்கு வருவோம். 1980-ல் வந்த 'தி புளூஸ் பிரதர்ஸ்'. அநாதை விடுதியின் வரிப் பாக்கி 5,000 டாலரைக் கட்ட, கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட இரண்டு பேர் சிகாகோ நகரையே அமளி துமளிப்படுத்துகிறார்கள். போலீஸ் கார்கள் அப்பளமாக நொறுங்குகின்றன (இதைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்?). குறை உண்டு. கதாநாயகர் இருவரும் வெள்ளையர்கள். ரே சார்ல்ஸ், ஜேம்ஸ் பிரவுன் போன்ற மேதைகளுக்கு ஆளுக்கொரு பாட்டுத்தான். இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அரீத்தா பிராங்க்ளின் அதில் எப்படி வருகிறார்? பட்டும் நகையுமாக அல்ல. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெண்ணாக, வேலை உடையில், வேலையைப் போட்டுவிட்டுப் போகப் பார்க்கிற புருஷனை அதட்டிப் பாடுகிறார். மிஸிஸிப்பியில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, டெட்ராயிட் மோட்டார் ஆலையில் கூட்டிப் பெருக்கிய ஜான் லீ ஹூக்கர், மாக்ஸ்வெல் தெருச் சந்தையில் நின்று பாடுகிறார். தெற்கேயிருந்து பிழைக்க வந்த கறுப்பின மக்கள் உண்மையிலேயே பாடி வாசித்த தெரு அது. கடைக்காரர்கள், வாங்க வந்தவர்கள், ஏழைகளின் கூட்டம், எல்லாம் படத்தில் இருக்கிறது. 1994-ல் பல்கலைக்கழக விஸ்தரிப்புக்காக அந்தச் சந்தையை அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். ஹூக்கர் அங்கே காலால் தாளம் தட்டி நிற்பதை இன்றைக்கும் பார்க்க வேண்டுமானால், அந்தக் கோமாளிப் படத்தைத்தான் போட வேண்டும்.