நிலவும் நிலக்கரியும்

நிலவு என்றதும் தாமரைப் பொய்கையையும் தென்றலையும் நினைப்பது நம் மரபு. நிலவொளியில் கரி அள்ளும் தொழிலாளரை நினைத்தார் ஓர் ஓவியர். அவரே இங்கிலாந்தின் டர்னர் (1775–1851); லண்டன் மாநகரில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்தவர்.

1835ஆம் ஆண்டில் அவர் காட்சிக்கு வைத்த எண்ணெய் வண்ண ஓவியம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. வட இங்கிலாந்தில் டைன் நதி கடலொடு கலக்கும் துறைமுகம், இரவு வேளை. வானையும் நீரையும் ஒன்றாக்கி வெள்ளி நிலவு பொழிகிறது. இடப்புறத்தே, காலை ஓதத்தில் புறப்படக் காத்து நிற்கும் பாய்மரக் கப்பல்கள். வலப்புறத்திலோ தீவட்டிகள்! அவற்றின் செந்தழலில் கரிய உருவங்கள், தட்டைப் படகுகளிலிருந்து நிலக்கரியை வாரிக் கப்பலில் ஏற்றுகின்றன.

இதனை வரையச் செய்தவர் மான்செஸ்டர் பஞ்சாலை அதிபர் ஹென்றி மக்கானல். டர்னர் முன்னரே அவருக்கு வரைந்தளித்த வெனிஸ் நகரக் காட்சிக்கு இஃது இணைப்படம். பழம்பெருமையில் இளைப்பாறும் நகரம் அது. உறங்காது உழைக்கும் துறைமுகம் இது.

மாணவர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நீரில் விழும் நிலவொளியை டர்னர் தடித்த வண்ணக் குழம்பாகவே பூசினார். வெள்ளை தானே ஒளிர்வதில்லை. சூழ்ந்த இருளே அதனை ஒளிரச் செய்கிறது. நடுவில் நீலமும் வெள்ளியும் குளிர, ஓரத்தில் செம்மை சுடுகிறது. கரி, நிலவின் அழகைக் கெடுக்கவில்லை. நிலவும் உழைப்பாளரை மறைக்கவில்லை. அப்படகுத் தொழில் பின்னாளில் இரயிலாலும் இயந்திரத்தாலும் அழிந்துபோயிற்று. அம்மனிதர் உழைத்த இரவு மட்டும் படத்தில் நிலைத்துவிட்டது.

நம் லுணுகலையில் கடல் இல்லை. ஆயினும் வளர்பிறை இரவுகளில் மலைச்சரிவுகள் வெள்ளி பூசி நிற்க, ஸ்டோரின் சன்னல்களில் விளக்கெரியக் காண்கிறோம். பகலில் நம் பெண்கள் கிள்ளிய கொழுந்து, அங்கே இரவெல்லாம் வாடுகிறது. பின்னர் உருளையில் அரைபட்டு, நிறம் மாறி, உலர்ந்து, தூளாகிக் கொழும்புத் துறைமுகம் சேர்கிறது. ஆனால் மலையகத்தைக் காட்டும் நாட்காட்டிப் படங்களில் பசுமை உண்டு, புன்னகை உண்டு. கூடையின் பாரமும் இராவேலையும் இல்லை. போட்டிக்கென எம் மாணவர் தீட்டும் படங்களும் அவற்றையே பின்பற்றுகின்றன.

உழைப்பைக் காட்டினால் அழகு குன்றும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள் போலும். அவ்வச்சம் வேண்டியதில்லை என்பதற்கு டர்னரே சான்று. மலையை வரையுங்கள், நிலவையும் வரையுங்கள். ஸ்டோர் சன்னலின் மஞ்சள் ஒளியையும், அதன் முன் நிற்கும் மனிதரையும் விட்டுவிடாதீர்கள். நாம் வரையாது விட்டால், நம் பேரப் பிள்ளைகள் நாட்காட்டியில்தான் நம்மைத் தேடுவார்கள்.