பரசுராமனை யார் எடுக்க வேண்டும்?

'மகாவதார் நரசிம்மா' அனிமேஷன் படம் போன வருஷம் ஓடியதல்லவா (2025), அந்த வரிசையில் அடுத்தது 'பரசுராம்', 2027இல் என்று அறிவிப்பு. மொத்தம் ஏழு படமாம், 2037 வரை! அஸ்வின் குமாரே எடுக்கட்டும் என்கிறான் என் பேரன். தூண் பிளக்கும் காட்சியை அவர் நன்றாகத்தான் செய்தார்.

ஆனால் குடியாத்தத்துக்காரனுக்கு இதில் கோடரி பெரிதில்லை. ரேணுகாவின் தலைதான். வைகாசி முதல் நாள் தரணம்பேட்டையிலிருந்து கெங்கையம்மன் சிரசு புறப்பட்டு, கோபாலபுரம் கோயிலில் சண்டாளச்சி உடலில் பொருந்துவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் பக்கத்துக் கதையில் ரேணுகாவோடு அவளும் வெட்டுப்பட்டவள். தகப்பன் சொல்லுக்காகத் தாயை வெட்டியவனை மாவீரனாக மட்டும் காட்டினால் அவள் எங்கே போவாள்?

என் ஓட்டு மாரி செல்வராஜுக்கு. 'கர்ணன்' படத்தில் செத்த தங்கை முகமூடியோடு காட்டுப்பேச்சியாக வந்து நிற்பாளே, அது போதும் எனக்கு.

அவருக்கு அனிமேஷன் தெரியுமா என்பீர்கள். நடிகர்களை வைத்தே எடுத்துவந்த வெஸ் ஆண்டர்சன், 2009இல் பொம்மைகளை வைத்து 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்' எடுக்கவில்லையா? வரைய ஆள் கிடைப்பார்கள். தலை பொருந்தும் அந்த நொடியில் தலையைக் காட்டுவதா, உடலைக் காட்டுவதா என்பதை மாரி முடிவு செய்யட்டும்.