உரிப்பதற்கு ஒரு விலை, பூசுவதற்கு ஒரு விலை

மழையில் நனையாத கூந்தல், கடற்காற்றில் சிலும்பாத கூந்தல் என்ற வாக்குறுதியோடு சிறு புட்டிகள் விலையாகின்றன. கப்பல்துறையிலிருந்து திருகோணமலை நகருக்குப் படிக்க வரும் பெண்களிடமும் அவை வந்து சேர்ந்துவிட்டன. மாணவிகளைக் கண்டிக்க நாம் எழுதவில்லை. சுருட்டை முடி அவமானம் என்று அவர்களுக்குக் கற்பித்தவர்களைப் பற்றியே எழுதுகிறோம்.

நீரை விலக்கும் ஆற்றல் தலைமயிருக்கு இயற்கையிலேயே உண்டு. ஒவ்வொரு மயிரின் மேற்புறத்திலும் கொழுப்பமிலப் படலம் ஒன்று புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. அதன்மேல் நீர் எளிதிற் பரவுவதில்லை. இதற்கு எவரும் காசு கொடுத்ததில்லை! நிறத்தை வெளிறச் செய்யும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும், சுருளை நிமிர்த்தும் காரப்பசையும் இப்படலத்தை உரித்தெடுக்கின்றன. உரிந்த மயிர் நீரைக் குடித்துப் பருக்கும், சிக்குண்டு முறியும். அந்த வேளை பார்த்துச் சிலிக்கோன் பூச்சு வந்து நிற்கிறது. காயத்தையும் மருந்தையும் ஒரே கடை விற்குமாயின், அக்கடைக்காரன் காயம் ஆறுவதை விரும்புவானா?

செயற்கை முடியின் கதை இன்னும் வேடிக்கையானது. பொய்முடிக்கும் பின்னலுக்கும் பயன்படும் அக்ரிலிக் வகை நார்கள் மிகச் சொற்பமாகவே நீரை உறிஞ்சுபவை. அவற்றின்மேல் பூசப்படும் சிலிக்கோன் நாரை வழுக்கச் செய்து சிக்கைக் குறைக்கிறது; அது மெய்யே. ஆனால் நனையாத நாருக்கு நனையாமை விற்பது என்ன நேர்மை?

இனி, பூச்சு எங்கே போகிறது என்பதைப் பார்ப்போம். கழுவி அகற்றும் அழகுசாதனங்களில் டி4, டி5 எனப்படும் வளையச் சிலோக்சேன்கள் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ இருத்தலாகாது என்ற தடை, 2020 ஜனவரி 31க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்தது. தலையில் விட்டுவைக்கும் பூச்சுகளுக்கும் அதனை 2027 முதல் விரிவாக்க 2024இல் சட்டம் இயற்றினார்கள். அவை இயற்கையில் எளிதில் அழியாமல் உயிரினங்களில் சேர்பவை என்பதே காரணம். (எல்லாச் சிலிக்கோனும் இவ்வகையன்று, டைமெதிக்கோன் இத்தடைக்குள் வராது.) நீரையும் எண்ணெயையும் விலக்கும் புளோரின் சேர்வைகளை அழகுசாதனங்களில் 2026 இறுதியோடு தடைசெய்ய நியூசிலாந்து 2024இல் தீர்மானித்தது.

ஐரோப்பியரின் ஆற்றுக்கு ஆகாதது நம் ஆற்றுக்கு ஆகுமோ? கண்டியில் அலசிய தலையின் நீரும் மகாவலியோடு கலந்து கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. அக்குடாவில்தான் நம் மீனவன் வலை வீசுகிறான்.

உடனே தேங்காயெண்ணெய்ப் புராணம் பாடச் சிலர் எழுவர். 2003இல் வெளியான மும்பை ஆய்வொன்று, தேங்காயெண்ணெய் மயிருள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், கனிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு குறைக்கவில்லை என்றும் காட்டியது. நல்ல செய்திதான். ஆயினும் அவ்வாய்வு தேங்காயெண்ணெய் விற்கும் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்தில் நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழமை என்பதற்காக நாம் எதையும் வணங்குவதில்லை. விற்பவன் சொன்னான் என்பதற்காக எதையும் நம்புவதுமில்லை.

ஆசிரிய நண்பர்கள் அடுத்த இரசாயனவியல் பாடத்துக்கு ஒரு வெற்றுப் புட்டியைக் கொண்டு செல்லலாம். அதன் முதுகிலுள்ள பொடியெழுத்தைப் பிள்ளைகள் உரக்க வாசிக்கட்டும். ‘சிலோக்சேன்’ என முடியும் பெயர் எது, ‘பெர்புளோரோ’ எனத் தொடங்கும் பெயர் எது என்று தேடட்டும். பின்பு, இப்பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஏன் அச்சாகவில்லை என்று கம்பனிக்கு அவர்களே ஒரு கடிதம் எழுதட்டும்.