பச்சிலைக்குச் சட்டம் எதற்கு என்போருக்கு

 

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் ‘கொல்லிமலை மூலிகை’, ‘யூனானி லேகியம்’, ‘நபிவழி மருந்து’ என்னும் பெயர்களில் சூரணங்களும் மாத்திரைகளும் பள்ளிவாசல் வாயில்களிலும் வாட்ஸ்அப் குழுமங்களிலும் தாராளமாக விற்கப்படுகின்றன. உரிமம் உண்டா, சேர்மானம் என்ன என்று வினவினால், “அல்லாஹ் படைத்த பச்சிலைக்கு அரசாங்கத்தின் அனுமதி எதற்கு?” என்பதே மறுமொழி. மார்க்கப் பற்றைப் போல ஒலிக்கும் இவ்வாதம் மார்க்கத்திற்கே முரணானது.

முதலில் சட்டத்தை அறிவோம். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளையும் தன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. அதன் விதிகளிலுள்ள ‘இ-1’ அட்டவணை அபின், எட்டி, ஊமத்தை, சேங்கொட்டை, செங்காந்தள் கிழங்கு முதலிய நச்சுப் பொருட்களைப் பட்டியலிடுகிறது. இவற்றைச் சேர்த்த மருந்து விலக்கப்படவில்லை. மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்க என்னும் எச்சரிக்கையைக் குப்பியின் மேல் அச்சிட வேண்டும், அவ்வளவே. தம் நோயாளிக்குத் தாமே மருந்து செய்து தரும் வைத்தியருக்கும் ஹகீமுக்கும் தயாரிப்பு உரிமத்திலிருந்து சட்டமே விலக்களிக்கிறது. அவ்வாறாயின், ஹகீம்களின் கைகள் கட்டப்படுகின்றன என்று புலம்புவோர் யாருக்காகப் புலம்புகின்றனர்? முகமறியாதவருக்குப் பொட்டலம் அனுப்பும் வணிகருக்காகவே!

இக்கண்காணிப்பு நமக்குப் புதியதுமன்று. மருத்துவம் கல்லாமல் மருத்துவம் செய்தவர் விளையும் தீங்கிற்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூதில் பதிவான நபிமொழியின் கருத்து. முஸ்லிம் நகரங்களில் ‘முஹ்தஸிப்’ என்னும் அதிகாரி எடைக்கற்களை மட்டுமன்றி மருந்துக் கடைகளின் கலப்படத்தையும் சோதித்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல் மருந்து விற்போரைக் குறித்தும் பேசுகிறது. கருஞ்சீரகத்தின் சிறப்பை உரைத்த நபி (ஸல்) அவர்களே, கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மறைக்கப்பட்ட ஈரத்தை வெளிப்படுத்திக் கண்டித்தார்கள். முன்னதை விளம்பரமாக்குவோர் பின்னதை ஏன் மறைக்கின்றனர்?

அரசின் மீதும் குற்றமுண்டு. அது கட்டுப்படுத்தியதன்று, அரைமனத்தோடு கட்டுப்படுத்தியது. அந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும் என்றே விதி கூறுகிறது. ராசிபுரத்து மூதாட்டிக்கும் சங்ககிரி லாரி ஓட்டுநருக்கும் அதனால் என்ன பயன்? மூலிகை மருந்து விளம்பரங்களுக்கு முன்னனுமதி கோரும் 170ஆம் விதியை 2018இல் இயற்றிய ஒன்றிய அரசே, 2024இல் அதனை நீக்கி அறிவிக்கை வெளியிட்டது. நாம் குரலெழுப்ப வேண்டியது இவற்றிற்கு எதிராகவே: எச்சரிக்கை தமிழிலும் வேண்டும், பொய் விளம்பரத்திற்குக் கடிவாளம் வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் காலாவதி நாளும் இல்லாத எந்த மருந்தையும் பள்ளி வளாகத்தில் விற்க இடமளிக்காதீர்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பெயரில்லாப் பொட்டலத்திடம் ஒப்படைப்பது தவக்குல் ஆகாது, அது பொறுப்பின்மை.